பகலில் மட்டும் இருக்கும் மெஷின்

ஜனவரி 5, ஞாயிறு

நாளை வேலைக்குத் திரும்புகிறேன். ஐந்தரை மாதக் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு, யாருக்கோ எங்கேயோ மூச்சு முட்டுகிறது என்று சைரன் போட்டுக்கொண்டு ஓடப்போகிறேன். பி.எஸ்சி. நர்சிங் படித்தது இதற்குத்தான்.

தடுப்பூசிக்குப் போனபோது அந்த லேடி டாக்டர் ஆதிரையை ஒரு தடவையும் என் கண்ணுக்குக் கீழே இரண்டு தடவையும் பார்த்தார். தூங்குறீங்களாம்மா என்றார். நன்றாகத் தூங்குகிறேன் என்றேன். மனதில் ஓடுவதைத் தினமும் எழுதிப் பாருங்கள் என்றார். மாத்திரை தருவார் என்று நினைத்துப் போனவளுக்கு வீட்டுப்பாடம் கிடைத்தது. ஆகவே எழுதுகிறேன்.

டைரி, உரக்கடையில் இவருக்கு ஓசியில் கொடுத்தது. இவருக்கும் விவசாயத்துக்கும் உள்ள ஒரே சம்பந்தம் மொட்டை மாடியில் ஒரு கற்பூரவல்லித் தொட்டி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பயிர்க்குறிப்பு அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைக்கு: 'நிலக்கடலையில் கம்பளிப்புழு தென்பட்டால் உடனே அகற்றவும்.' தென்பட்டால் சொல்லி அனுப்புகிறேன்.

இவர் என்பது தினகரன். நூல் மில்லில் ஃபிட்டர். நான் வேலைக்குப் போவதற்காக நிரந்தர ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறார். மாமியார் இல்லை, அம்மா திருச்சியில் அண்ணன் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டிருக்கிறார். எனவே ஏற்பாடு இப்படி: பகலெல்லாம் இவர், ராத்திரியெல்லாம் நான். எங்கள் ஆம்புலன்ஸ் மாதிரியேதான். ஆள் மாறும், வண்டி நிற்காது. நாங்கள் இருவரும் விழித்த நிலையில் சந்தித்துக்கொள்ள தினமும் இருபது நிமிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால்கூட இதைவிட அதிகம் பார்த்துக்கொண்டோம்.

யூனிஃபார்ம் போட்டுப் பார்த்தேன். சட்டை என்னை மன்னித்துவிட்டது. பேண்ட் மன்னிக்கவில்லை. ஊக்கு.

ஜனவரி 6, திங்கள்

வண்டி அதே இடத்தில்தான் நிற்கிறது, தாராபுரம் ரோட்டில் வேப்பமரத்தடி ஷெட்டில். நாச்சிமுத்து அண்ணனும் அதே இடத்தில்தான் நிற்கிறார். எங்கள் வேலையில் டிரைவரை பைலட் என்று சொல்ல வேண்டும். நாற்பத்தொன்பது வயது, வெற்றிலை, காதில் மஃப்ளர்: இவர் பைலட். "வாங் அம்மிணி, இளைச்சுப் போயிட்டீங்களாட்டம்" என்றார். ஊக்கு குத்தியது.

காலை எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது வண்டியில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பார்த்துப் பதிவேட்டில் 'உள்ளது' அல்லது 'இல்லை' என்று எழுதவேண்டும். அடியில் நானும் பைலட்டும் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணன் எப்போதும் போல, நான் எழுதி முடிக்கும் முன்னாலேயே போட்டுவிட்டு டயரைப் பார்க்கப் போய்விட்டார். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. மூன்று வருடமாக அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

ஆக்ஸிஜன் சிலிண்டர், சக்‌ஷன், பிரசவப் பெட்டி எல்லாம் இருந்தன. குழந்தைப் பை என்று நீல நிறத்தில் ஒன்று உண்டு. அதில் சின்ன மாஸ்க், மூச்சு நின்றால் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் சின்ன ஆம்பு பை, பிறகு கையடக்கமாக ஒரு மெஷின். அதன் ஒயரைக் குழந்தையின் பாதத்தில் சுற்றினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும். குறைந்தால் கத்தும். அதைக் கையில் எடுத்துக் கொஞ்சநேரம் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஸ்ட்ரெச்சரில் புது மெத்தை. "மே மாசத்துக்கு அப்பறம் மாத்துனதுங்க" என்றார் அண்ணன். மே மாதத்தில் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேஸ் இரண்டு. ஒன்று, போதையில் வாய்க்காலில் விழுந்தவர். கைபிடித்துத் தூக்கிய என்னைத் தங்கச்சி என்று அழைத்து, தன் சொத்தில் பங்கு தருவதாக வாக்களித்தார். இன்னொன்று நெஞ்சுவலி, நிஜம், நல்லபடியாகச் சேர்த்தோம்.

மதியம் பால் கட்டிக்கொண்டு உயிர் போனது. வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பம்ப்பில் எடுத்தேன். வெளியே அண்ணன் முதுகைத் திருப்பி நின்று, பேப்பரை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, கோயில் துவாரபாலகர் மாதிரி காவல் காத்தார். டீக்கடைக்காரர் ஏதோ கேட்டதற்கு, "உள்ள மிசினு டெஸ்ட் பண்றாங்" என்று சொன்னது கேட்டது.

பத்து தடவை வீட்டுக்கு போன் செய்தேன். பதினோராவது தடவை இவர் எடுக்கவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாராம். அந்த நான்கு நிமிடத்தில் நான் மனதுக்குள் என்னென்ன செய்து முடித்தேன் என்பது இந்த டைரியில் வராது.

ஜனவரி 7, செவ்வாய்

பாப்பா மூச்சு, ராத்திரி, நிமிடத்துக்கு: பதினொரு மணிக்கு 36. ஒன்றரைக்கு 34. மூன்றுக்கு 38. நாலரைக்கு 35. சும்மா எழுதி வைத்தேன்.

ஜனவரி 8, புதன்

ஒரு மனுஷி பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கவேண்டும் என்றால் ராத்திரி தூங்கவேண்டும். தூங்கவேண்டும் என்றால் குழந்தையின் மூச்சை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இதை நான் சொல்லவில்லை, பொது அறிவு சொல்கிறது.

மருந்துக்கடையில் விலை கேட்டேன். கேட்டதோடு சரி.

ஆகவே குழந்தைப் பையிலிருந்த மெஷின் இன்றிரவு மட்டும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறது. காலையில் எட்டு மணிக்குள் திரும்பிப் போய்விடும். இந்தப் பக்கம் ராத்திரியில் குழந்தைக் கேஸ் வருவதே அபூர்வம். இவரிடம் ஆபீஸில் கொடுத்தார்கள் என்றேன். பரவாயில்லையே, நல்ல ஆபீஸாகத்தான் இருக்கிறது என்றார். தாய்மார்களுக்கான திட்டம் என்று சேர்த்துச் சொன்னேன். ஒரு திட்டத்தை அறிவிப்பது இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் அரசியலுக்குப் போயிருப்பேன்.

97. அழகான எண்.

ஜனவரி 9, வியாழன்

மெஷின் ராத்திரியில் ஆறு தடவை கத்தியது. ஆறு தடவையும் ஆதிரை காலை உதைத்ததால் ஒயர் நழுவியது. ஒவ்வொரு தடவையும் நான் கட்டிலிலிருந்து எப்படிக் கீழே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முன்பு நான்கு தடவை எழுந்து எண்ணிக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது.

ஜனவரி 11, சனி

'இன்றிரவு மட்டும்' என்று எழுதியிருந்தேன் போல. பழைய பக்கங்களைப் புரட்டக்கூடாது.

ராத்திரி ஷிப்டில் என் இடத்தில் இருப்பது ஸ்டீபன். நல்ல பையன், நல்ல பையனுக்கு உரிய கெட்ட குணம், பதிவேட்டை உண்மையாக எழுதுவது. அவன் ராத்திரி எட்டுக்கு 'குழந்தை மெஷின்: இல்லை' என்று எழுதுகிறான். நான் காலை எட்டுக்கு 'உள்ளது' என்று எழுதுகிறேன். பதிவேட்டைப் புரட்டினால் இரண்டு மதத்தார் கடவுளைப் பற்றி விவாதிப்பது மாதிரி இருக்கிறது. நேற்று ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தான்: 'மெஷினுக்கு இருட்டு என்றால் பயமா அக்கா?'

ரப்பரால் அழித்துவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

டியூட்டி. பொங்கலன்று பிள்ளையோடு இருக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு வேலைக்குப் படித்திருக்க வேண்டும்.

தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவர். இடுப்பெலும்பு. அசைக்காமல் பலகையில் கட்டித் தூக்கிக்கொண்டிருந்தபோது, கூட வர ஒரே ஒருவருக்குத்தான் இடம் என்றேன். பதினொரு பேர் ஏறத் தயாராக நின்றார்கள், ஒருவர் கையில் பொங்கல் தூக்குப்போசியுடன். கடைசியில் ஆளும் தூக்குப்போசியும் ஏறினார்கள். வழியெல்லாம் அடிபட்டவர் வலியில் முனகினார். கூட வந்தவர் பொங்கல் ஆறிப்போகிறதே என்று முனகினார். ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கும் இலையில் கொடுத்தார். நெய் தாராளம்.

திரும்பும்போது பெரிய நீலத் தண்ணீர்த்தொட்டி உள்ள பிரிவில் வலது பக்கம் திரும்பினால் ஷெட் ஆறு கிலோமீட்டர். அண்ணன் திரும்பாமல் நேரே போய், பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வந்தார். டீசலைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிற ஆள். நான் ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். டைரியின்படி அதில் படைப்புழு இருக்கிறதா என்று இலையின் அடியில் பார்க்கவேண்டும். ஓடும் வண்டியிலிருந்து தெரியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும்போது எல்லாம் எழுதிய தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம். அதே முறையை வீட்டிலும் கொண்டுவந்திருக்கிறேன். காலை ஏழேகாலுக்கு இவரிடம் தாள்: கடைசியாகப் பால் குடித்த நேரம், சிறுநீர் எத்தனை தடவை, காய்ச்சல் அளவு, மூச்சு. கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து.

இவர் மூன்று நாள் சிரித்துக்கொண்டே போட்டார். இன்றைக்குப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ரஞ்சு, நான் இவளுக்கு யாரு?" என்றார்.

அப்பா என்றேன். வேறென்ன சொல்வது.

"அப்ப கையெழுத்து எதுக்கு?"

பதில் யோசிப்பதற்குள் வண்டிக்கு நேரமாகிவிட்டது. என் வேலையில் இது ஒரு வசதி. போட்டுவிட்டுத்தான் கொடுத்தார், பாவம். ஆனால் கையெழுத்து சரியில்லை, கிறுக்கல்.

ஜனவரி 23, வியாழன்

ஆதிரைக்குச் சளி. மூக்கடைப்பு, லேசான இருமல், காய்ச்சல் இல்லை. டாக்டரிடம் காட்டியாயிற்று, ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். நான்?

மூச்சு: 40, 42, 39, 44, 41, 40, 42.

காலையில் மெஷினைக் கழற்ற வேண்டும். நாளை ஒரு நாள் மட்டும் கழற்றாமல் விட்டால் என்ன? பகலில் இவர் தனியாக இருப்பார், மனிதர் தூங்கிவிடுவார், ராத்திரியெல்லாம் மில்லில் நின்ற உடம்பு. ஒரு நாள். ஆறு மாதக் குழந்தைக்காக இல்லாத மெஷின் எந்த நாட்டுக் குழந்தைக்கு?

ஜனவரி 24, வெள்ளி

காலை பதிவேட்டில் 'குழந்தை மெஷின்: உள்ளது' என்று எழுதினேன். அந்த நேரத்தில் அது என் மகளின் இடது காலில் இருந்தது. இருக்கிறது என்பது பொய்யில்லை. எங்கே என்று அந்தக் கட்டத்தில் கேட்கவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு டயரைப் பார்க்கப் போனார்.

பதினொன்று இருபதுக்கு அழைப்பு. செங்காட்டுப்புதூர், ஐம்பத்திரண்டு நாள் ஆண் குழந்தை, மூச்சுத் திணறல்.

வேடிக்கையாக எழுத ஏதாவது கிடைக்குமா என்று இந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிடைக்கவில்லை.

தோட்டத்து வீடு. வாசலில் ஒரு பெண் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நின்றாள். பெயர் பூங்கோதை, இருபத்தொரு வயது. நான்கு நாளாகச் சளி, காலையிலிருந்து பால் இழுக்கவில்லை. குழந்தையின் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய் உள்ளே போய் வந்தது. வண்டியில் ஏற்றினேன். மூக்கில் சளியை உறிஞ்சினேன், ஆக்ஸிஜன் வைத்தேன். கை தானாக நீலப் பைக்குப் போனது. ஜிப்பைத் திறந்தது. உள்ளே தேடியது. கைக்குத் தெரியாது போல.

கண்ணாடியில் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

இம்மாதிரிக் கேஸ்களில் கால் சென்டர் டாக்டரிடம் போனில் பேசவேண்டும். எல்லாம் பதிவாகும். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன், எவ்வளவு என்று கேட்டார்.

"மெஷின் வேலை செய்யலைங்க சார்" என்றேன்.

பூங்கோதை எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அதைச் சொன்னாள். "நான் கண்ணே மூடுலீங்க்கா. ராத்திரியெல்லாம் பக்கத்துலயேதான் படுத்திருந்தேன்."

மே மாதம். நீலத் தண்ணீர்த்தொட்டி உள்ள ஊர். நாற்பது நாள் பெண் குழந்தை, விடிகாலையில் பார்த்தபோது அசையவில்லை. அப்போது எனக்கு ஏழாவது மாதம். வயிறு இடிக்க இடிக்க இருபத்திரண்டு கிலோமீட்டர், இரண்டு விரலால் அதன் நெஞ்சை அழுத்திக்கொண்டே போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, இது போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டதே சிஸ்டர் என்றார். அந்த அம்மா அழவில்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்துலயேதான் படுத்திருந்தேன். பக்கத்துலயேதான் படுத்திருந்தேன்.

எழுதியாயிற்று. லேடி டாக்டர் சந்தோஷப்படுவார்.

இன்றைக்குக் கையில் மெஷின் இல்லை. கண்தான் இருந்தது. நான் வேறு எதையும் செய்யவில்லை, எண்ணினேன். நிமிடத்துக்கு 68. இரண்டு நிமிடம் கழித்து 71. பிறகு 64. குறைந்தால் நல்லது என்று சாதாரணமாக நினைக்கத் தோன்றும். இத்தனை ராத்திரி எண்ணியவளுக்குத் தெரியும், தூங்கி அமைதியாவதால் குறைவது வேறு, களைத்துப்போய்க் குறைவது வேறு. 52. உதட்டின் ஓரம் கருத்த மாதிரி இருந்தது. வண்டிக்குள் இருக்கும் வெளிச்சத்தில் சந்தேகமாகத்தான் தெரிந்தது. ஆக்ஸிஜனை ஏற்றினேன். 40. பிறகு அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

உள்ளங்காலைச் சுண்டினேன். முதுகைத் தேய்த்தேன். சின்ன மாஸ்க்கை வைத்து ஆம்பு பையை அழுத்தினேன். நெஞ்சு ஏறியது. இன்னொன்று. இன்னொன்று. சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தேன் என்று பிறகு அண்ணன் சொன்னார். பதினேழு என்று நான் சொன்னதும் குழந்தை முகத்தைச் சுளித்துப் பூனை மாதிரி ஒரு சத்தம் போட்டது. அண்ணன் வண்டியை ஓட்டவில்லை. எங்களை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோனார். ஒரு குலுக்கல் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவர்கள் மெஷினைச் சுற்றினார்கள். 84. டியூட்டி டாக்டர் என் தாளைப் பார்த்தார்: இரண்டு நிமிடத்துக்கு ஒரு மூச்சுக் கணக்கு, வரிசையாக. சாச்சுரேஷன் கட்டம் மட்டும் காலி. "கவனமா பாத்திருக்கீங்க" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "மெஷின் இருந்திருந்தா ஆக்ஸிஜனை அஞ்சு நிமிஷம் முன்னாடியே ஏத்தியிருப்பீங்க. மூச்சு நின்னிருக்காது" என்றார். கையெழுத்துப் போட்டார். கிறுக்கலாக இல்லை.

குழந்தை பிழைத்துவிட்டது. இன்னும் பெயர் வைக்கவில்லையாம். தாளில் 'பூங்கோதையின் ஆண் குழந்தை' என்று எழுதினேன்.

வீட்டுக்கு வந்தேன். ஆதிரை பாயில் குப்புற விழுந்து, சளி மூக்கோடு, ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். காலில் ஒயர் இல்லை. எங்கே என்றேன். இவர் கைகாட்டினார். ஃபிரிட்ஜின் மேல், தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில்.

சும்மா சும்மா கத்தி அவளைத் தூங்கவிடாமல் செய்ததாம். காலை எட்டரைக்கே கழற்றி, ஆஃப் செய்து, அங்கே வைத்துவிட்டாராம்.

பகல் முழுவதும் தக்காளிக்கு மூச்சு நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 25, சனி

மெஷினைக் கொண்டுபோய் நீலப் பையில் வைத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியும் என்றார். ராத்திரி இல்லாமல் காலையில் வருகிற மெஷின் எங்கே போய் வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லையாம்.

தெரிந்து ஏன் கேட்கவில்லை என்றேன். அதற்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டா நீங்க அழுவீங்க. அழுதா நான் என்ன பண்றது? எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும்" என்றார்.

கால் சென்டர் பதிவைக் கேட்டுவிட்டார்கள். மெஷின் ஏன் வேலை செய்யவில்லை என்று விசாரிக்கத் திங்கள்கிழமை மாவட்ட அதிகாரி லோகநாதன் சார் வருகிறார். அன்றைய பதிவேட்டில் 'உள்ளது' என்று இருக்கிறது. அதன் கீழே இரண்டு கையெழுத்து இருக்கிறது.

அண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே திட்டம் சொன்னார். ஒயரை எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஷெட்டில் எலி இருப்பது ஊருக்கே தெரியும். கடித்த மாதிரி அவரே செய்துதருவார். "உங்குளுக்கு இது போனா எந்த ஆஸ்பத்திரியிலயும் கூப்புடுவாங். எனக்கு இந்த வயசுல மணல் லாரிதான் அம்மிணி."

நல்ல திட்டம். எலிக்குக் குடும்பம் இருக்கலாம், ஆனால் மெமோ வராது.

ஜனவரி 26, ஞாயிறு

விடுமுறை. கொடியேற்றினார்கள். நான் எலியைப் பற்றி யோசித்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். இவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "ஆபீஸ்ல குடுத்தாங்கன்னு சொன்னே" என்றார். அவ்வளவுதான். திட்டினால் பதில் தயாராக வைத்திருந்தேன். பால் புட்டிகளை எல்லாம் எடுத்துப்போய்க் கொதிநீரில் போட்டார். கழுவியதையே திரும்பக் கழுவினார். மில்லுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தப் பையன் இருக்கானா?" என்றார். இருக்கிறான் என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 27, திங்கள்

எலி தப்பித்துவிட்டது.

லோகநாதன் சார் மெஷினைச் சோதித்தார். நன்றாக வேலை செய்தது, துரோகி. காரணம் என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். அண்ணன் அவருக்குப் பின்னால் நின்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, இரண்டு விரலால் எலி மாதிரி கடித்துக் காட்டினார்.

எழுதினேன்: 'குழந்தை மெஷினை ஜனவரி 8 முதல் தினமும் இரவில் என் வீட்டுக்குக் கொண்டுசென்றேன். 24 அன்று திருப்பிக் கொண்டுவரவில்லை. பதிவேட்டில் உள்ளது என்று பொய்யாக எழுதினேன். மருத்துவரிடமும் பொய் சொன்னேன். பைலட் என்னை நம்பிக் கையெழுத்திட்டார், அவருக்கு இதில் தொடர்பு இல்லை. காரணம்: என் குழந்தை தூக்கத்தில் மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம்.'

சார் படித்தார். இரண்டு தடவை படித்தார். குழந்தைக்கு என்ன நோய் என்று கேட்டார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன். இதைவிட நல்ல காரணம் எழுதியிருக்கலாமே என்கிற மாதிரி பார்த்தார். பத்து நாள் சஸ்பெண்டு, கடைசி எச்சரிக்கை. அண்ணனுக்கு ஒரு மெமோ, பார்க்காமல் கையெழுத்துப் போட்டதற்கு.

அண்ணன் மெமோவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தார்.

கிளம்பும்போது ராத்திரி ஷிப்டுக்கு ஸ்டீபன் வந்தான். பதினேழாம் தேதி இரவில் வலிப்பு வந்த ஒரு மூன்று வயதுக் குழந்தையை, மெஷின் இல்லாமல்தான் கொண்டுபோனானாம். அபூர்வம் என்று நான் எழுதியிருக்கிறேனே, அது. "நல்லபடியா ஆயிருச்சு அக்கா. அதனாலதான் உங்ககிட்ட சொல்லல" என்றான். நல்ல பையன். என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

பிப்ரவரி 1, சனி

சஸ்பெண்டின் பயன்கள்: பகலில் கணவன் என்ன செய்கிறான் என்று பார்க்கலாம். நான் பயந்தபடியே தூங்குகிறார். தரையில் தனிப் பாயில் ஆதிரை, பக்கத்துப் பாயில் இவர், கை மட்டும் அவள் பாயின் ஓரத்தில். வாயைத் திறந்துகொண்டு குறட்டை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்காணித்தேன். ஆதிரை ஒரு தடவை இருமினாள். சின்ன இருமல், எனக்கே பாதிதான் கேட்டது. நான் எழுவதற்குள் குறட்டை நின்று, இவர் கை அவள் முதுகில் இருந்தது. கண் திறக்கவே இல்லை. தட்டினார், அவள் அடங்கினாள், குறட்டை திரும்பவும் ஆரம்பித்தது.

பிறகு கேட்டேன். மில்லில் நூல் சுற்றும் நானூறு கதிர் ஒரே சத்தத்தில் ஓடும்போது ஒன்று மட்டும் சுருதி மாறினால் தூக்கத்தில்கூடத் தெரியும், இது ஒரு கதிர்தானே என்றார்.

ஏழேகால் மணித் தாளை இன்று எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம்.

பிப்ரவரி 3, திங்கள்

லேடி டாக்டரிடம் போனேன். தூங்குறீங்களாம்மா என்றார். இல்லை என்றேன். இந்தத் தடவை மாத்திரையும் தந்தார், வாராவாரம் வரவும் சொன்னார். உண்மை சொன்னால் மாத்திரை கிடைக்கும் என்று முதலிலேயே போர்டு வைத்திருக்கலாம்.

பிப்ரவரி 7, வெள்ளி

வேலை. காலை எட்டு மணி. நான் 'உள்ளது' என்று எழுத எழுத, அண்ணன் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்தார். பஞ்சு உருண்டையைக்கூட. நீலப் பையைத் திறந்து மெஷினை எடுத்துத் தன் விரலில் சுற்றி, 98 வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நாற்பது நிமிடம் ஆயிற்று. அவர் கட்சியில் இப்போது உறுப்பினர் யாருமில்லை. அது நான் சம்பாதித்தது, வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மதியம் பேப்பரை விரித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றார். டீக்கடைக்காரரிடம், "மிசினு டெஸ்ட்டு" என்றார்.

பிப்ரவரி 8, சனி

பம்ப்போடு வண்டிக்குள் இருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன். பூங்கோதை. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அண்ணன்தான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். அவளும் அழுதிருப்பாள், அவருக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும்.

பையனுக்கு மித்ரன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பால் குடிக்கிறான். இதெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, இனி ராத்திரில எப்புடித் தூங்கறதுங்க்கா?"

என்னென்ன பார்க்கவேண்டும் என்று சொன்னேன். மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், பக்கத்தில் தலையணை துணி எதுவும் கூடாது, பால் இழுக்கவில்லை என்றால், விலா உள்ளே போனால் உடனே கூப்பிட வேண்டும். எல்லாம் சரியாகச் சொன்னேன். நடுவே நடுவே சரிங்க்கா, சரிங்க்கா என்றாள். முடித்ததும் திரும்பவும் கேட்டாள். அதெல்லாம் சரிங்க்கா, நான் எப்புடித் தூங்கறது?

நர்சிங் நான்கு வருடம், ஆம்புலன்ஸ் மூன்று வருடம், அம்மாவாக ஆறரை மாதம்.

"எனக்கும் தெரியலைங்க, பூங்கோதை" என்றேன். "நானும் டாக்டர்கிட்டதான் போயிட்டிருக்கேன். நீங்களும் வாங்க, திங்கக்கிழமை சேந்து போலாம்."

சரிங்க்கா என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் தோளில்தான் குழந்தை இருந்திருக்கவேண்டும். போனுக்குப் பக்கத்திலேயே மூச்சு கேட்டது, இன்னும் கொஞ்சம் சளி.

நான் எண்ணவில்லை.

சரி. நாற்பத்து நான்கு.